அந்த 180 பக்க மேனுவலில் பெயரை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி சுருக்கமாக இது. பெங்களூரு பீனியாவில், தகரத்தை டை எனும் அச்சில் வைத்து அடித்துப் பாகங்கள் செய்யும் மாமாவின் பிரஸ் ஷாப்பை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். 34 பேர் வேலை செய்கிறார்கள். ஆறு பவர் பிரஸ், இரண்டு டிரில்லிங் மெஷின், ஒரு எமரி கிரைண்டர். ஒரு வெளிநாட்டு கஸ்டமர் ஆர்டர் தரத் தயார். ஆறு வாரத்தில் ஆடிட்டுக்கு ஆள் வரும், பாதுகாப்பு முறைகள் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறார். பெரிய வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் அங்குள்ள 180 பக்க சேஃப்டி மேனுவலைக் கொடுத்திருக்கிறார். பெயரை மாற்றிப் பயன்படுத்தலாமா? அதோடு, அந்தக் கம்பெனியில் இருப்பது போலவே எல்லா பிரஸ்ஸுக்கும் லைட் கர்டெய்ன் போட மாமா கொட்டேஷன் வாங்கியிருக்கிறார், அது சரியா?

இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். நான் பிரஸ்ஸில் டை மாட்டும் டை செட்டராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு சேஃப்டி டிப்ளமோ படித்து, பீனியாவிலும் பொம்மசந்திராவிலும் இருபது வருடத்துக்கு மேல் இதே வேலையில் இருப்பவன். முதலில் லைட் கர்டெய்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் போவது விரல்.

லைட் கர்டெய்ன் என்ன செய்கிறது? ஒளிக்கதிர்களைக் கை மறைத்ததும் "நில்" என்று பிரஸ்ஸுக்குச் சொல்கிறது. அவ்வளவுதான். சொன்னால் நிற்கக்கூடிய பிரஸ்ஸாக இருக்க வேண்டும். நண்பரின் கம்பெனியில் இருப்பது அநேகமாகக் காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேடிக் கிளட்ச் பிரஸ். கீழே இறங்கி மேலே போகும் ஒரு ஸ்ட்ரோக்கின் நடுவிலேயே பிரேக் பிடித்து நிற்கும். உங்கள் ஷாப்பில் பெடலை மிதித்தால் "டக்" என்று கீ (பூட்டும் உலோகத் துண்டு) விழுகிற பழைய சி-பிரேம் பிரஸ் எத்தனை? கீ விழுந்ததும், எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலும் கிராங்க் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஒரு சுற்று முழுவதும் முடியும்வரை, கடவுளே வந்து கையை நீட்டினாலும், இறங்கி அடிக்கும் ராம் நிற்காது. இந்த வகை கிளட்ச்சில் லைட் கர்டெய்ன் போடுவதை அமெரிக்காவின் பவர் பிரஸ் விதிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன.

இப்படி ஒரு ஷாப்பை நேரிலேயே பார்த்திருக்கிறேன். புத்தம் புதிய லைட் கர்டெய்ன், பச்சை விளக்கு, முதலாளிக்குப் பெருமை. கையை உள்ளே வைத்துக்கொண்டு பெடலை மிதித்துக் காட்டினார்கள், பிரஸ் கிளம்பவில்லை. எல்லோருக்கும் திருப்தி. நான் பழைய தினத்தந்தி ஒன்றைச் சுருட்டி, ராம் கீழே இறங்க ஆரம்பித்த பிறகு உள்ளே நீட்டினேன். பேப்பர் தட்டையாக வெளியே வந்தது. அதைவிட மோசம், கர்டெய்ன் வந்ததும் அங்கிருந்த ஆப்பரேட்டர்கள் இடுக்கியைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். முன்பு பயந்து வேலை செய்தவர்கள், இப்போது தைரியமாகக் கையை விட்டார்கள்.

சரி, இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் ஓடும் இரண்டு கை பட்டன் போடலாமே என்பார் அடுத்த சப்ளையர். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் ஓடும் பிரஸ், கீ விழுவதற்கு ஃப்ளைவீலில் ஒரே ஒரு இடம். பட்டனை அழுத்திய நேரத்தில் அந்த இடம் அப்போதுதான் தாண்டிப் போயிருந்தால், கீ பிடிக்க ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும்: 1 வினாடி. அப்புறம் ராம் கீழே வர அரைச் சுற்று: 0.5 வினாடி. மொத்தம் ஒன்றரை வினாடி. பட்டனிலிருந்து எடுத்த கை வினாடிக்கு 1.6 மீட்டர் நகரும் என்று கணக்கில் கொள்வது வழக்கம். பெருக்கினால் 2.4 மீட்டர். பட்டனை டையிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி வைத்தால்தான், கையை எடுத்து உள்ளே விடுவதற்குள் ராம் இறங்கி முடித்திருக்கும். நண்பரின் மேனுவலில் பட்டன் தூரம் சில நூறு மி.மீ. என்று இருக்கலாம். அவர்கள் பிரஸ்ஸுக்கு அது சரிதான். உங்கள் பிரஸ்ஸில் அதே தூரத்தில் பட்டன் வைத்தால் அது வெறும் அலங்காரம்.

கீ கிளட்ச் பிரஸ்ஸுக்கு வழி பழையது, மலிவானது. டையைச் சுற்றி நிலையான கூண்டு. ஸ்ட்ரிப் உள்ளே போகவும் ஸ்க்ராப் வெளியே வரவும் மட்டும் இடைவெளி, விரல் நுழையாதபடி 6 மி.மீ.க்குள். தனித்தனியாகப் பீஸ் வைத்து அடிக்கும் வேலை என்றால், டைக்கு வெளியிலேயே பீஸை வைத்து உள்ளே தள்ளும் ஸ்லைடு, எடுப்பதற்கு மேக்னட் அல்லது இடுக்கி, முடிந்த இடத்தில் ஏர் அடித்து வெளியே தள்ளுதல். இதெல்லாம் பீனியாவில் எந்த ஃபேப்ரிகேஷன் கடையிலும் இரண்டு நாளில் செய்து வாங்கலாம். உங்கள் ஆறில் ஒன்றிரண்டு நியூமேடிக் பிரஸ் இருந்தால் அதற்கு மட்டும் லைட் கர்டெய்ன் போடுங்கள், பிரஸ் நிற்க எடுக்கும் நேரத்தை அளந்து தூரத்தைத் தீர்மானித்த பிறகு.

இவ்வளவு நீளமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த 180 பக்கத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு வரியும் அங்குள்ள ஏதோ ஒரு மெஷினை, ஏதோ ஒரு ஆளை, எப்போதோ நடந்த ஒரு விபத்தை மனதில் வைத்து எழுதியது. அதெல்லாம் உங்களிடம் இல்லாதபோது அந்த வரி சும்மா இருக்காது, சில சமயம் ஆபத்தாகவே மாறும். 'தொழிற்சாலைக்குள் அனைவரும் எப்போதும் கிளவுஸ் அணிய வேண்டும்' என்று அதில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ஷீட் மெட்டல் தூக்குகிறவருக்குக் கிளவுஸ் வேண்டும். சுற்றுகிற டிரில் பிட் பக்கத்தில் கிளவுஸ் போட்டால், நூல் சிக்கிக் கையையே சுற்றி இழுத்துவிடும். பெரிய கம்பெனியில் டிரில்லிங்கெல்லாம் மூடிய சிஎன்சி மெஷினுக்குள் நடக்கிறது, அதனால் அவர்களுக்கு அந்த வரி பாதகமில்லை. உங்களிடம் இருப்பது கையால் இறக்கும் பில்லர் டிரில்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். வேலைக்கு வந்த புதிதில், பொம்மசந்திராவில் இருந்த எங்கள் யூனிட்டுக்கு இங்கிலாந்துத் தாய்க் கம்பெனியின் மேனுவலை அப்படியே இறக்கினேன். பனி விழும் நாட்களில் கார் பார்க்கிங்கில் உப்புத் தூவ வேண்டும் என்ற பக்கம் ஒரு வருடம் அப்படியே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை, என்னையும் சேர்த்து. அதுகூடச் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். 'நாளை முதல் லாக்-அவுட் பயிற்சி' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன் பாருங்கள், மத்தியானத்துக்குள் யூனியன் தலைவர் கேபினில் நின்றார். முதலாளி கதவடைப்பு செய்யப்போகிறார் என்று ஷாப் முழுவதும் பேச்சு. நம்ம தொழிற்பேட்டைகளில் லாக்-அவுட் என்றால் ஒரே அர்த்தம்தானே! மெஷினின் மெயினை அணைத்துப் பூட்டு போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரிப்பேர் பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் 'பூட்டு' என்றே சொன்னோம். கன்னடக்காரருக்கு பீகா, பீகார் பையனுக்குத் தாலா. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தப் பூட்டு முறையையும் உங்கள் பிரஸ்ஸுக்கு ஏற்ப மாற்றித்தான் எழுத வேண்டும். மெயினை அணைத்த பிறகும் ஃப்ளைவீல் சில நிமிடம் சுற்றிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் பெடலில் கால் பட்டால் ராம் இறங்கும். ஆகவே, அணை, பூட்டு, ஃப்ளைவீல் நிற்கும்வரை காத்திரு, ராமுக்கு அடியில் முட்டு கொடு, அப்புறம்தான் டையில் கை. இன்னொன்று: சின்ன ஷாப்புகளில் ஒரே எம்சிபியில் இரண்டு மெஷின் ஓடும். டை செட்டர் பூட்டினால் பக்கத்து ஆப்பரேட்டர் சும்மா உட்கார வேண்டும். இரண்டு நாள் பொறுப்பார், மூன்றாம் நாள் பூட்டைக் கழற்றச் சொல்வார். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி ஐசொலேட்டர் போடுங்கள், பெரிய செலவில்லை.

வெளிநாட்டு மேனுவலில் அதிகம் பேசப்படாத ஒன்று கரன்ட் கட். அங்கே அது எப்போதாவது வரும் அதிசயம், நமக்கு மழைக்காலச் சாயங்கால வழக்கம். கரன்ட் போனதும் ஆப்பரேட்டர் டையில் மாட்டிய பீஸை எடுக்கக் கை விடுவார். கரன்ட் திரும்பி வரும், அல்லது ஜெனரேட்டர் எடுக்கும். பழைய ரோட்டரி ஸ்விட்ச்சில் நேரடியாக ஓடும் மோட்டார் என்றால் தானாகவே கிளம்பிவிடும். கரன்ட் போனால் விழுந்துவிட்டு, மறுபடி பச்சைப் பட்டனை அழுத்தினால் மட்டுமே எடுக்கும் ஸ்டார்ட்டர் எல்லா மெஷினிலும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கையேட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். நண்பரின் மேனுவலில் இதற்கு ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம்.

தீ விபத்துப் பக்கத்தையும் பாருங்கள். 'பிரதான வாயில் அருகிலுள்ள புல்வெளியில் கூடவும்.' உங்களுடையது நாற்பதுக்கு அறுபது அடி சைட், முன்னால் ஒரே ஷட்டர், ஷட்டர் வாயில் ஸ்க்ராப் டிரம், வெளியே ரோட்டில் லாரி. பின் கதவு திருட்டுப் பயத்தில் எப்போதும் பூட்டியிருக்கும். புல்வெளியைத் தேடுவதற்கு முன்னால் அந்தப் பின் கதவை, உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி மாற்றுங்கள்.

விரல் துண்டானால் என்ன செய்வது? பெரிய கம்பெனி மேனுவல், உள்ளேயே இருக்கும் மருத்துவ அறைக்குத் தகவல் சொல்லச் சொல்லும். உங்களுக்கு அது இல்லை. துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. ஐஸ் எங்கே கிடைக்கும், எந்த ஆஸ்பத்திரியில் கை மைக்ரோ சர்ஜரி செய்கிறார்கள், நைட் ஷிப்டில் யார் வண்டி எடுப்பார், தும்கூர் ரோடு நெரிசலில் எந்த வழியாகப் போவது, இதையெல்லாம் இப்போதே விசாரித்து ஷட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். ஈஎஸ்ஐ கார்டு எல்லோருக்கும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்து, இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் பாருங்கள்.

சட்டப் பகுதியில் காப்பி அடித்தால் இன்னும் கேவலமாக மாட்டிக்கொள்வீர்கள். இங்கிலாந்தில் ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் தொழிற்சாலைச் சட்டத்தில் பல்லாண்டாக இருந்த கணக்கு 48 மணி நேரம். ஏழு நாள் என்று எழுதி வைத்துக்கொண்டு ஒருவர் நாலு நாள் லீவில் இருந்தால், நீங்கள் உங்கள் மேனுவலின்படி சரி, இங்குள்ள சட்டப்படி தப்பு. அதே போல 'சேஃப்டி ஆஃபீசர்' என்ற வார்த்தை அந்த மேனுவலில் பக்கத்துக்குப் பக்கம் வரும். 1948 சட்டத்தில் 1000 பேர் இருந்தால்தான் அந்தப் பதவி கட்டாயம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில், ஆபத்தான தொழில் இல்லாத தொழிற்சாலைக்கு அது 500. உங்களிடம் 34 பேர். இல்லாத ஆபீசரின் தலையில் நாற்பது வேலையைக் கட்டினால், அந்த நாற்பதையும் யாரும் செய்யப்போவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே உயிரோடு உள்ள ஆளின் பெயரை எழுதுங்கள். பல இடத்தில் உங்கள் பெயர்தான் வரும்.

எழுதிவிட்டுச் செய்யாததுதான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். விபத்து நடந்த மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து கேட்பது உங்கள் மேனுவலைத்தான். 'தினமும் கிளட்ச், பிரேக் சோதனை செய்யப்படும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, ரெக்கார்டு எங்கே?' என்பார். எழுதாமலே இருந்திருக்கலாம் என்று மாமாவுக்கு அப்போது தோன்றும்.

அதற்காக, 'நம்ம ஊருக்கு ஏற்ப' என்பதைக் குறைத்துக்கொள்ள ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இரைச்சலில் நம் விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை போகவிடுகின்றன. ஐரோப்பாவில் 85 வந்தாலே காதுக்கவசம் கட்டாயம். பிரஸ் ஷாப் காது பீனியாவில் இருந்தாலும் ஜெர்மனியில் இருந்தாலும் காதுதான். நண்பரின் மேனுவலில் 85 என்று இருந்தால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணை எட்டும் வழியைத்தான் உங்கள் ஷாப்புக்கு ஏற்ப மாற்ற வேண்டும்: ஏர் அடிக்கும் நாசிலை மாற்றுவது, ஸ்க்ராப் விழும் தகரத் தட்டில் ரப்பர் ஒட்டுவது போல.

எந்த மேனுவலிலும் இல்லாத இன்னொரு விஷயம், சம்பளம். உங்கள் ஆப்பரேட்டர்களுக்கு மாதச் சம்பளமா, பீஸ் ரேட்டா? நீங்கள் எழுதவில்லை. பீஸ் ரேட் என்றால் கவனியுங்கள். ஒரு ஷாப்பில் நியூமேடிக் பிரஸ்ஸின் இரண்டு கை பட்டனில் ஒன்றை ரப்பர் பேண்ட் போட்டு அமுக்கி வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் திட்டினார், எழுத்துமூலம் எச்சரித்தார், மறுவாரம் ரப்பர் பேண்டுக்குப் பதில் காயின். அந்த ஆப்பரேட்டரோடு டீ குடிக்கும்போது கேட்டேன். "சார், ரெண்டு கையும் வெச்சு அடிச்சா நாளைக்கு எவ்வளவு வரும்னு கணக்குப் பாத்தீங்களா?" என்றார். பார்த்தோம். வீட்டு வாடகைக்கு உதைத்தது. ரேட்டை மாற்றினோம், அதோடு ஒரு பட்டன் அமுங்கியே இருந்தால் அடுத்த ஸ்ட்ரோக் வராதபடி வயரிங்கையும் மாற்றினோம். இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் வேறு ஏதாவது தந்திரம் கண்டுபிடித்திருப்பார்கள். கூண்டு போட்டதும் முதல் வாரம் வேகம் குறையும். அந்த வாரத்துக் கூலியை யார் தாங்குவது என்று மாமாவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். பேசாவிட்டால் கூண்டு கழன்று மூலையில் கிடக்கும்.

அப்படியானால் நண்பரின் மேனுவலைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். அதன் பொருளடக்கத்தை எடுங்கள். நல்ல சேஃப்டி ஆட்கள் போட்ட பட்டியல் அது: மெஷின், மின்சாரம், தீ, தூக்குதல், ரசாயனம், கான்ட்ராக்டர், காயம், பயிற்சி. ஒவ்வொரு தலைப்பையும் கேள்வியாக மாற்றி ஷாப்புக்குள் நடங்கள். 'இங்கே எதைத் தூக்குகிறோம், யார், எதை வைத்து?' டையைத் தூக்கும் செயின் பிளாக்கின் ஹூக் விரிந்திருக்கும், அதை அப்போதுதான் பார்ப்பீர்கள். எமரி கிரைண்டரில் டூல் ரெஸ்டுக்கும் வீலுக்கும் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் பீஸ் உள்ளே இழுக்கப்படும். ஒரு ஸ்பேனர் போதும் சரிசெய்ய.

நடக்கும்போது தனியாகப் போகாதீர்கள். ஷாப்பிலேயே பழைய ஆப்பரேட்டரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பீனியாவில் இருபது வருடம் பிரஸ் ஓட்டியவரோடு கை குலுக்கினால், பல பேரிடம் ஏதோ ஒரு விரல் குறைவாக இருப்பது கையிலேயே தெரியும். அந்த விரல் எந்த மெஷினில், என்ன வேலையில், எத்தனை மணிக்குப் போனது என்று கேளுங்கள். 180 பக்கத்தில் இல்லாத தகவல் அரைமணி நேரத்தில் கிடைக்கும். முதலாளி வீட்டு ஆளிடம் முதல் நாள் சொல்லமாட்டார்கள், 'ஒண்ணும் ஆகலை சார்' என்பார்கள். ஒரு குறையைச் சொல்லி அது மறுநாளே சரியானதைப் பார்த்த பிறகுதான் அடுத்ததைச் சொல்வார்கள். ஹூக்கை மாற்றுவதிலிருந்து ஆரம்பியுங்கள்.

மொழி விஷயம் உங்களுக்கே தெரியும். தர்மபுரிக்காரர் சூப்பர்வைசர், தும்கூர்க்காரர் ஆப்பரேட்டர், ஒடிசா பையன் ஹெல்பர். இங்கிலீஷ் மேனுவல் இவர்களில் யாருக்கும் எழுதப்பட்டதல்ல. ஒவ்வொரு மெஷினுக்கும் உங்கள் மெஷினையே மொபைலில் போட்டோ எடுத்து, சரியான நிலை ஒன்று, தப்பான நிலை ஒன்று, லேமினேட் செய்து மாட்டினால் அதுதான் அவர்களுக்கான மேனுவல்.

ஆடிட்டர் 180 பக்கம் எதிர்பார்ப்பாரே என்ற பயம் வேண்டாம். அவர்களில் பலர் பின்பற்றும் ஐஎஸ்ஓ 45001 என்ற சர்வதேசத் தொழில் பாதுகாப்புத் தரநிலை, 2018இல் வந்தது, மேனுவல் என்ற ஒன்றையே கட்டாயமாகக் கேட்பதில்லை. நிறுவனத்தின் அளவுக்கு ஏற்ப எழுத்து குறைவாக இருக்கலாம் என்கிறது, தொழிலாளர்களைக் கேட்டுச் செய்தீர்களா என்று கேட்கிறது. 25 பக்கம் போதும். அனுபவமுள்ள ஆடிட்டர் ஃபைலைப் பத்து நிமிடம் புரட்டிவிட்டு நேராக ஷாப்புக்குள் போய், ஏதாவது ஒரு ஹெல்பரைக் கூப்பிட்டு 'கரன்ட் போனால் என்ன செய்வாய்?' என்று கேட்பார்.

நாளைக் காலை ஷிப்ட் தொடங்கும் முன் ஆறு பிரஸ்ஸையும் சுற்றி, கிளட்ச் வகை, நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக், ஸ்டார்ட்டர் எது என்று ஒரு பேப்பரில் குறித்துவிடுங்கள். லைட் கர்டெய்னுக்கு மாமா அட்வான்ஸ் கொடுத்துவிட்டார் என்றால், அந்தக் கிளட்ச் விவரத்தை சப்ளையருக்கு எழுத்தில் அனுப்பி, 'இந்த பிரஸ்ஸில் ஸ்ட்ரோக்கின் நடுவில் நிற்குமா?' என்று எழுத்திலேயே பதில் கேளுங்கள். பதில் வரும்வரை மீதிப் பணம் போக வேண்டாம்.